பிரேசில் 2027 மகளிர் கால்பந்து உலகக் கோப்பைக்குத் தனியாகப் போகிறேன்: அணி பின்னாடியே போறதா, ஒரே ஊர்ல தங்கறதா?

லெஃப்ட்பேக்:

எல்லாருக்கும் வணக்கம். 2027 ஜூன் 24-லேர்ந்து ஜூலை 25 வரைக்கும் பிரேசில்ல நடக்கப்போற மகளிர் உலகக் கோப்பைக்கு நான் தனியாப் போறேன். போகலாமா வேண்டாமான்னு கேக்கல, அது முடிவாயிடுச்சு. எப்படிப் போறதுன்னுதான் கேக்கறேன்.

நான் வாரக்கடைசியில லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டம், ஆடறவ. டிவியில பந்து இருக்கற இடம் மட்டுந்தான் காட்டுவாங்க. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது லெஃப்ட் பேக் எங்க நிக்கறா, எப்போ உள்ள நகர்றா, தலையை எத்தனை தடவை திருப்பறா, இதெல்லாம் மைதானத்துல உக்காந்து பாத்தாத்தான் உண்டு. அந்த ஆசை ரொம்ப நாளா இருக்கு.

பிரேசில்னா எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 1941-ல அந்த நாட்டு அரசு, பெண்களோட இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளை அவங்க ஆடக்கூடாதுன்னு ஆணை போட்டுச்சு. கால்பந்தும் அதுல சிக்கிச்சு. 1979 வரைக்கும் அந்தத் தடை இருந்துது. அந்த மண்ணுலேர்ந்து வந்த மார்த்தா உலகக் கோப்பையில 17 கோல் அடிச்சிருக்காங்க. 2023 வரைக்கும் ஆண், பெண் ரெண்டு உலகக் கோப்பையிலயும் அதுக்கு மேல யாரும் போனதில்ல. தென் அமெரிக்காவுல மகளிர் உலகக் கோப்பை நடக்கறதும் இதுதான் முதல் தடவை. அதை நேர்ல பாக்கணும்.

என் திட்டம் இது: பிரேசில் அணி எந்தெந்த ஊர்ல ஆடுதோ அங்கெல்லாம் நானும் போறது. மொத்தம் எட்டு ஊர்: ரியோ, சாவோ பாலோ, பெலோ ஹொரிசான்ட்டே, பிரசிலியா, போர்த்தோ அலெக்ரே, சல்வடோர், ரெசிஃபே, ஃபோர்ட்டலேசா. இது சரிவருமா? ராத்திரி ஆட்டம் முடிஞ்சு ஒரு பொண்ணு தனியாத் திரும்பறதை எப்படித் திட்டமிடறது? ஒரே ஒரு டிக்கெட் வாங்கறது கஷ்டமா, சுலபமா? தனியாப் போய்ட்டு வந்தவங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயம் எதுவா இருந்தாலும் சொல்லுங்க. கூட்டமாப் போனவங்க அனுபவம் எனக்கு அவ்வளவா உதவல.


மஞ்சள்சட்டை:

தோழி, நான் 2023 உலகக் கோப்பையைச் சிட்னியில் தனியாக இருந்து பார்த்தவள். உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். அணியின் பின்னால் போகாதீர்கள். ஒரு ஊரைப் பிடித்து அங்கேயே இருங்கள். ஆட்டங்கள் உங்கள் ஊருக்கு வரட்டும்.

என் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். நான் எந்த அணிக்காகவும் போகவில்லை. சிட்னியில் ஒரே அறை. அந்த ஊரில் நடக்கும் ஆட்டங்களில் கிடைத்ததற்கெல்லாம் டிக்கெட். ஜூலை 25 அன்று கொலம்பியாவும் தென்கொரியாவும் மோதின. கூட்டம் சுமாராகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அரங்கமே மஞ்சளாக இருந்தது. கொலம்பியாவின் 18 வயது லிண்டா கைசேதோ இடப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து ஒரு கோல் போட்டார். 15 வயதில் சினைப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த பெண் அவர். ஐந்து நாள் கழித்து அதே மைதானத்தில் ஜெர்மனியுடன் ஆட்டம். இரண்டு பேருக்கு நடுவில் பந்தை இழுத்து, வளைத்து கோல் வலையின் மூலைக்கு அனுப்பினார் கைசேதோ. 89-ஆம் நிமிடம் ஜெர்மனிக்குப் பெனால்டி, அவர்களின் வீராங்கனை பாப் சமன் செய்தார். 97-ஆம் நிமிடம் கார்னர், கொலம்பியாவின் வனேகாஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். குழு ஆட்டத்தில் ஜெர்மனி தோற்றது 1995-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. பக்கத்து இருக்கையில் இருந்த கொலம்பியக் குடும்பம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது. நானும் அழுதேன்.

அடுத்து கொலம்பியா பெர்த் போனது. சிட்னியிலிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம். பிறகு மெல்பர்ன். நான் நகரவில்லை. அந்த ஆட்டங்களை டார்லிங் ஹார்பரில் இருந்த ரசிகர் திடலில் பெரிய திரையில் பார்த்தேன். அதே குடும்பமும் அங்கே வந்திருந்தது. ஆகஸ்ட் 12, காலிறுதி. கொலம்பியா சிட்னிக்கே திரும்பி வந்தது, இங்கிலாந்தோடு ஆட. அன்று அவர்கள் எனக்கென்று ஒரு மஞ்சள் சட்டை கொண்டுவந்திருந்தார்கள். 2-1 என்று தோற்றோம். "தோற்றோம்" என்றுதான் எனக்கு எழுத வருகிறது. அணியைத் துரத்தியிருந்தால் எனக்கு இந்த அணியே கிடைத்திருக்காது.

இனி உங்கள் பாதுகாப்புப் பற்றிய கேள்வி. தனியாகப் போகிறவளுக்கு ஆபத்தான பொழுது, புது ஊரில் முதல் ராத்திரி. கையில் பை, தெரு தெரியாது, எந்தப் பக்கம் வெளிச்சம் எந்தப் பக்கம் இருட்டு என்று தெரியாது, விடுதி வாசலில் யாரும் உங்களைப் பார்த்ததில்லை. ஓரிடத்தில் தங்கினால் அந்த முதல் ராத்திரி ஒரு முறைதான். அணியின் பின்னால் போனால் ஒவ்வொரு ஊரிலும் அது மறுபடி வரும். நான் சிட்னியில் தங்கிய இடத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண், ஆட்ட நாளில் நான் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கேட்டு வைத்துக்கொள்வாள். அது கேட்டுப் பெற்றதல்ல, அங்கேயே இருந்ததால் தானாக வந்தது.

பிரேசிலின் தூரங்களையும் பாருங்கள். போர்த்தோ அலெக்ரேயிலிருந்து ஃபோர்ட்டலேசா 3,000 கிலோமீட்டருக்கு மேல். இந்த நகரங்களுக்கு நடுவே பயணிகள் ரயில் கிடையாது. விமானம், இல்லையென்றால் பேருந்து. தட்பவெப்பமும் ஒரே மாதிரி இல்லை. ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். போர்த்தோ அலெக்ரேயில் கம்பளிச் சட்டை இல்லாமல் முடியாது. பிரசிலியாவில் மழையே இருக்காது. ரெசிஃபேயில் அது மழைக்காலம். 2014 ஆண்கள் உலகக் கோப்பையில் அமெரிக்காவும் ஜெர்மனியும் அங்கே ஆடிய ஜூன் 26 அன்று ஊரே வெள்ளக்காடாகிவிட்டது. வடகிழக்கு முழுக்க ஜூன் கடைசியில் சாவோ ஜோவாவ் திருவிழா. அதன் முக்கிய நாள் ஜூன் 24, அதாவது போட்டி தொடங்கும் நாள். அந்தப் பக்கம் அறை தேடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தென்கிழக்கு முக்கோணத்தை எடுப்பேன்: சாவோ பாலோ, ரியோ, பெலோ ஹொரிசான்ட்டே. சாவோ பாலோவிலிருந்து ரியோ சுமார் 430 கிலோமீட்டர், பேருந்தில் ஆறு மணி நேரம். ரியோவிலிருந்து பெலோ ஹொரிசான்ட்டேயும் ஏறக்குறைய அதே தூரம்தான், மலைப்பாதை என்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம். மூன்றில் ஒன்றில் தங்கிக்கொண்டு மற்ற இரண்டுக்கும் ஓரிரு நாள் போய்வரலாம். மரக்கானா, இத்தகேரா, மினெய்ராவ் என்று மூன்று மைதானம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும்.

டிக்கெட் விஷயத்தில் தனியாகப் போவது பெரிய வசதி. எல்லாரும் இரண்டு, நான்கு என்று சேர்த்து வாங்குவதால் நடுவில் ஒற்றை இருக்கைகள் மிஞ்சும். போட்டி நடத்துகிறவர்களின் அதிகாரபூர்வ மறுவிற்பனைத் தளத்தில் ஆட்டத்துக்கு முந்தின இரண்டு மூன்று நாட்கள் விடாமல் பாருங்கள். விற்றுத் தீர்ந்தது என்று சொல்லப்பட்ட ஆட்டத்துக்கே எனக்கு அப்படிக் கிடைத்தது. வேறு தளங்களில், சமூக வலைதளங்களில், மைதான வாசலில் வாங்கவே வாங்காதீர்கள். டிக்கெட் செயலிக்குள் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போவது. பணம் கொடுத்த பின் அந்த ஆள் மாற்றித் தருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

லெஃப்ட் பேக்கைப் பார்க்க வேண்டும் என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம். அப்படியானால் கீழ் வரிசைக்குக் காசைக் கொட்டாதீர்கள். கீழே உட்கார்ந்தால் முகம் தெரியும், ஆட்டத்தின் அமைப்பு தெரியாது. மேல் அடுக்கில், நீளவாக்குப் பக்கத்தில், முடிந்தவரை நடுக்கோட்டுக்கு அருகே எடுங்கள். நான்கு பேர் தடுப்பு வரிசையும் கயிறு கட்டினாற்போல் சேர்ந்து நகர்வது அங்கிருந்துதான் தெரியும். கோலுக்குப் பின்னால் மேல் அடுக்கும் மோசமில்லை. இரண்டு பக்கமும் எவ்வளவு அகலம் விட்டிருக்கிறார்கள் என்பது அங்கே தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் குறைந்த விலை வகையும் அதுவே.

அறையை ரத்து செய்யக்கூடியதாகவே போடுங்கள். 2023-ல் ஆஸ்திரேலியாவின் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்டவர்கள் அவ்வளவு பேர் என்பதால், ஆறு மாதம் முன்னால் அதைச் சிறிய மைதானத்திலிருந்து ஒலிம்பிக் பூங்காவில் இருக்கும் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள். 75,784 பேர் வந்தார்கள். முதல் மைதானத்தின் பக்கத்தில் அறை எடுத்தவர்கள் ரயிலேறி வர வேண்டியதாயிற்று. அதனால் மைதானத்தை ஒட்டித் தங்காமல், மைதானத்துக்குப் போகும் ரயில் பாதையில் தங்குங்கள்.


சரான்ஸ்க்_போனவன்:

மஞ்சள்சட்டை சொல்றதுல பாதிக்கு ஒத்துக்கறேன், பாதிக்கு இல்ல.

நான் 2018-ல ரஷ்யாவுல தனியாளா பெரு அணி பின்னாடியே போனவன். 1982-க்கப்புறம் 36 வருஷம் கழிச்சு பெரு உலகக் கோப்பைக்கு வந்த வருஷம். ஜூன் 16 சரான்ஸ்க்ல டென்மார்க், 21 யெகாடெரின்பர்க்ல பிரான்ஸ், 26 சோச்சியில ஆஸ்திரேலியா. முதல் ரெண்டுலயும் 1-0 தோல்வி. சரான்ஸ்க்ல பெரு வீரர் குவேவா பெனால்டியை மேல அடிச்சப்போ அரங்கத்துல எழுந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. சோச்சிக்குப் போறப்பவே அணி வெளிய போயாச்சு. அப்பவும் அத்தனை பேரும் வந்தாங்க. 2-0 ஜெயிச்சாங்க, கரியோ ஒண்ணு, குவெரேரோ ஒண்ணு.

ஊர் மாறும்போதெல்லாம் புது ஆளாயிடுவோம்னு அவங்க சொல்றாங்க. எனக்கு அப்படி இல்ல. ஊர்தான் மாறுச்சு, கூட வந்த முகம் மாறல. சரான்ஸ்க் ரயில்ல எதிர்ல உக்காந்தவர் சோச்சியில தூரத்துலேர்ந்து என்னைப் பாத்துக் கை ஆட்டினார். தனியாப் போனவனுக்கு அதுதான் துணை. அணி பின்னாடி போறதுல இருக்கற சுகத்தை இந்தப் பொண்ணு விட்டுடக்கூடாதுன்னு நினைக்கறேன்.

ஆனா ஒண்ணை நேர்மையாச் சொல்லணும். ரஷ்யாவுல டிக்கெட் வாங்கினவனுக்கு ஃபேன் ஐடின்னு ஒரு ரசிகர் அட்டை குடுத்தாங்க, அதுவே விசா. ஊர்லேர்ந்து ஊருக்கு ஓசியில ரயில் விட்டாங்க, ராத்திரி படுத்துத் தூங்கிட்டே போகலாம். அந்த ரெண்டும் இல்லாட்டி நான் அவ்வளவு தூரம் அலைஞ்சிருக்க மாட்டேன். டிக்கெட் கையில இருந்தா விசா தானா வந்துடும்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்காரங்களுக்கு 2025 ஏப்ரல் 10-லேர்ந்து பிரேசில் மின்விசா கேக்குது. மத்தவங்களுக்கு நாட்டுக்கு நாடு வேற விதி. உங்க பாஸ்போர்ட்டுக்கு என்னன்னு தூதரகப் பக்கத்துலயே பாருங்க. விமானத்துக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி இந்த வேலை.


மஞ்சள்சட்டை:

சரான்ஸ்க்காரர் சொன்ன சுகம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அவர் போனது வெளிநாட்டிலிருந்து வந்த அணியின் பின்னால். பெரு ரசிகர்கள் எல்லாருமே பயணிகள். அதனால்தான் ஊர் ஊராக அதே முகங்கள். போட்டி நடத்தும் நாட்டின் அணி வேறு மாதிரி. பிரேசில் ரெசிஃபேயில் ஆடினால் ரெசிஃபே மக்கள் வருவார்கள், போர்த்தோ அலெக்ரேயில் ஆடினால் அந்த ஊர்க்காரர்கள். நம் தோழி மட்டும்தான் இரண்டு ஊரிலும் இருப்பாள். துணை கிடைக்க வேண்டுமென்று அணியின் பின்னால் போகிறாள் என்றால், பிரேசிலைத் தொடர்ந்து அது கிடைக்காது. பக்கத்து நாட்டு அணி எதையாவது தொடர்ந்தால் கிடைக்கலாம்.


சாவோபாலோ_வாசி:

வேலை விஷயமா இங்க வந்து குடியிருக்கேன். போட்டியைப் பத்தி மத்தவங்க சொல்லிட்டாங்க, நான் ஊரைப் பத்தி சொல்றேன்.

முதல் விஷயம் ஃபோன். இந்த ஊர்ல உடம்புக்கு வர்ற ஆபத்தைவிட ஃபோனுக்கு வர்ற ஆபத்துதான் அதிகம். சைக்கிள்ல, மோட்டார் சைக்கிள்ல வந்து கையிலேர்ந்து பறிச்சுட்டுப் போயிடுவாங்க. இங்க உள்ளவங்களே வெளிய எடுத்துட்டுப் போக பழைய ஃபோன் ஒண்ணு வெச்சிருக்காங்க, "திருடனுக்கான ஃபோன்"னே அதுக்குப் பேரு. கூட்டமா வந்தா ஒருத்தர் ஃபோன் போனாலும் இன்னொருத்தர் ஃபோன் இருக்கும். நீங்க தனியாள். உங்க டிக்கெட், வங்கி அட்டை, மேப், வண்டி, மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே கருவியில. அதனால ரெண்டு ஃபோன் கொண்டு வாங்க. டிக்கெட் செயலிக்கு உள்ள போற கடவுச்சொல்லை மீட்கற மின்னஞ்சல் ரெண்டாவது ஃபோன்லயும் திறக்கணும். வங்கி அனுப்பற ஓடிபி தொலைஞ்ச சிம்முக்குத்தான் வரும்னா ரெண்டு ஃபோன் இருந்தும் பிரயோஜனமில்ல. கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு நாள் முதல் ஃபோனை அணைச்சு வெச்சுட்டு, ரெண்டாவதை மட்டும் வெச்சு எல்லாத்துக்குள்ளயும் போக முடியுதான்னு பாருங்க. ஒரு வங்கி அட்டை அறையிலயே இருக்கட்டும்.

நடைபாதை ஓரத்துல நின்னு மேப் பாக்காதீங்க. ஒரு மருந்துக்கடைக்குள்ளயோ பேக்கரிக்குள்ளயோ நுழைஞ்சு பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஊபர், 99னு ரெண்டு வாடகை வண்டிச் செயலியும் ஓடுது. வண்டி வர்ற வரைக்கும் உள்ள நில்லுங்க. வண்டி எண்ணைப் பாத்துட்டு ஏறுங்க.

தங்கறதுக்கு வீலா மரியானா, பரைசோ பக்கம் பாருங்க. மெட்ரோ 1-ஆம் நீலத் தடம். அதுலயே தியெத்தே பேருந்து நிலையத்துக்குப் போயிடலாம், ரியோ பஸ் அங்கேர்ந்துதான். மைதானத்துக்குப் போக சே நிலையத்துல இறங்கி 3-ஆம் சிவப்புத் தடத்துக்கு மாறி கடைசி வரைக்கும் போனா கொரிந்தியன்ஸ்–இத்தகேரா. இறங்கினா அரங்கம் கண்ணுல தெரியும். சே நிலையத்துக்குள்ள மாறறதுல பயமில்ல. ஆனா ஊர் நடுவுல, சே, ரிபப்ளிகா சுத்துவட்டாரத்துல விலை குறையுதேன்னு தங்க வேண்டாம். ராத்திரி அந்தத் தெருக்கள் நல்லால்ல.

ஜூன், ஜூலையில சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும். அஞ்சு மணி ஆட்டம்னாக்கூட திரும்பறது இருட்டுலதான்னு கணக்கு வெச்சுக்குங்க.

பணம் பெரிய பிரச்சினை இல்ல, எல்லா இடத்துலயும் அட்டை எடுத்துக்குவாங்க. உள்ளூர்க்காரங்க பிக்ஸ்னு 2020-லேர்ந்து ஓடற உடனடிப் பணமாற்றத்துலதான் எல்லாம் பண்றாங்க, அதுக்கு இங்க வங்கிக்கணக்கு வேணும். பஸ் டிக்கெட், உள்ளூர் விமானம் பதிவு பண்ற தளங்கள்ல சி.பி.எஃப். எண் கேக்கும். அது வரி அடையாள எண், வெளிநாட்டுக்காரங்களும் தூதரகம் மூலமா வாங்கலாம். கட்டாயமில்ல, ஆனா இருந்தா அலைச்சல் குறையும்.

மின்சாரம் ஊருக்கு ஊர் வேற. சாவோ பாலோ, ரியோவுல 127 வோல்ட், பிரசிலியா, ரெசிஃபேயில 220. சார்ஜர் ரெண்டையும் தாங்குமான்னு பாத்து எடுத்து வாங்க. ஆங்கிலத்தை நம்பாதீங்க. போர்த்துகீசிய மொழிபெயர்ப்பை இணையம் இல்லாமலே ஓடற மாதிரி இறக்கி வெச்சுக்குங்க.

எண்கள்: போலீஸ் 190, ஆம்புலன்ஸ் 192, பெண்களுக்கான உதவி 180.


நைட்ஷிப்ட்_நர்ஸ்:

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலின் பெரும்பகுதிக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. அதைவிட முக்கியம், பிரேசிலிலிருந்து வருகிறவர்களிடம் சான்றிதழ் கேட்கும் நாடுகள் பல உண்டு. உங்கள் நாடும் நடுவில் விமானம் மாறும் நாடும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் சில நாடுகளில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டு பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். இதை எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே, அங்கும் நாள் குறித்துத்தான். ஆகவே மே மாதம் வரை இழுக்காதீர்கள். முட்டை ஒவ்வாமை கடுமையாக இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பயணக் காப்பீட்டில் மருத்துவமனைச் செலவை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்குவதா, அவர்களே நேராகக் கட்டுவார்களா என்று கேளுங்கள். தனியாகப் போகிறவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்ட ஆள் கிடையாது. ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் மூன்றையும் ஒரு சின்னத் தாளில் போர்த்துகீசிய மொழியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.


லெஃப்ட்பேக்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி முழுக்க இதை வெச்சு மேப் பாத்துட்டிருந்தேன்.

சொந்த நாட்டு அணியை ஊர் ஊராத் தொடர்ந்தா அதே முகங்கள் கிடைக்காதுன்னு மஞ்சள்சட்டை அக்கா சொன்னது எனக்குத் தோணவே இல்ல. அது ஒண்ணே என் திட்டத்தை மாத்திடுச்சு. ஒரே ஊர்தான். சரான்ஸ்க் அண்ணன் சொன்னதுக்காக பிரேசில் ஆடற ஒரு ஆட்டத்துக்கு மட்டும் வெளியூர் போறேன், அது எந்த ஊரா இருந்தாலும் சரி. தடுப்பூசி மையம் தேடியாச்சு. ரெண்டு ஃபோன் சோதனை இந்த வாரமே.

ரெண்டு சந்தேகம் பாக்கி. அக்கா, தங்கற ஊரு ரியோவா, சாவோ பாலோவா? மனசு ரியோன்னுதான் சொல்லுது. அப்புறம், ராத்திரி ஆட்டம் முடிஞ்சதும் எப்படி வெளிய வருவீங்க? அந்த ஒரு மணி நேரத்தை நினைச்சாத்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரல, எனக்கும் கொஞ்சம் அப்படித்தான்.


மஞ்சள்சட்டை:

ராத்திரியை முதலில் சொல்கிறேன். கூட்டத்தோடு வாருங்கள், கூட்டத்தின் நடுவில் வாருங்கள். முந்திக்கொண்டு 85-ஆம் நிமிடம் எழுந்து வந்தால் வெளியே தெரு காலியாக இருக்கும். கடைசிவரை படம் எடுத்துக்கொண்டு நின்றாலும் அதே கதை. விசில் ஊதி பத்து நிமிடத்துக்குள் எழுந்தால் முன்னும் பின்னும் குடும்பங்கள், பாட்டிகள், தோளில் குழந்தைகள். மகளிர் ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தில் பெண்கள் நிறைய இருப்பார்கள், அது பெரிய தெம்பு. குழந்தையோடு போகும் குடும்பம் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஏறும் பெட்டியிலேயே நான் ஏறுவேன். ஃபோன் உள்சட்டைப் பையில். போகிற பாதையைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள், ஆட்டத்துக்கு முந்தின நாளே. கடைசி மெட்ரோ எத்தனை மணி என்று அன்றன்று பாருங்கள். நாக் அவுட் ஆட்டமென்றால் கூடுதல் நேரமும் பெனால்டியும் சேர்ந்து முக்கால் மணிக்கு மேல் இழுக்கும். அதையும் சேர்த்து ரயில் கிடைக்குமா என்று கணக்குப் போடுங்கள். மெட்ரோ நிலையத்திலிருந்து அறைக்கு ஐந்து நிமிட நடைக்கு மேல் போகாத இடமாகப் பிடியுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கும் இருட்டு என்றால் வண்டி பிடியுங்கள். ரத்து செய்யக்கூடிய அறைக்குக் கொடுக்கும் கூடுதல் காசும் இதற்குக் கொடுக்கும் காசும் வீண் இல்லை.

அம்மாவுக்கு: "ஆட்டம் முடிந்தது", "ரயில் ஏறிவிட்டேன்", "அறைக்கு வந்துவிட்டேன்" என்று மூன்றே செய்தி. ஃபோன் தொலைந்தால் செய்தி வராது, அதனால் எத்தனை மணி வரை வராவிட்டால் விடுதிக்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடுதி எண் அம்மாவிடம் இருக்கட்டும். என் அம்மாவுக்கு அப்படித்தான் தூக்கம் வந்தது.

ஊர் விஷயத்தில் உங்கள் மனசு ரியோ என்றாலும் நான் சாவோ பாலோ என்றுதான் சொல்வேன். பெரும்பாலான வெளிநாட்டு விமானங்கள் சாவோ பாலோவின் குவாருலோஸ் விமான நிலையத்தில்தான் இறங்குகின்றன. நீண்ட பயணத்துக்குப் பிறகு இன்னொரு விமானம் மாறாமல் நேராக உங்கள் அறைக்குப் போகலாம். வாசி சொன்ன நீலத் தடத்தில் இருந்தால் மைதானமும் பேருந்து நிலையமும் மெட்ரோவிலேயே வந்துவிடுகிறது. பெலோ ஹொரிசான்ட்டேயில் மினெய்ராவ் மைதானத்துக்கு மெட்ரோ கிடையாது, அங்கே போனால் போக்குவரத்தைத் தனியாகப் பாருங்கள்.

ரியோவை விட வேண்டாம். மரக்கானாவில் ஆட்டம் இருக்கும்போது முந்தின நாள் காலைப் பேருந்தில் போங்கள், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடலாம். பொட்டாஃபோகோவில் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால் மைதானம் வரை மெட்ரோவிலேயே போய்விடலாம். அங்கே வார நாட்களில் நெரிசல் நேரத்தில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. ஆட்டம் முடிந்த ராத்திரியே பேருந்து ஏறாதீர்கள். தூங்கி எழுந்து, காலையில் கடலைப் பார்த்துவிட்டு, மதியம் கிளம்பாமல் பத்து மணிக்குள் கிளம்பினால் இருட்டுவதற்கு முன் தியெத்தே வந்துவிடலாம்.

மேல் அடுக்கு இருக்கை கிடைத்ததும் எந்த ஆட்டம், எந்தப் பக்கம் என்று இங்கே எழுதுங்கள். முதல் பாதியில் உங்கள் பக்கம் எந்த அணியின் லெஃப்ட் பேக் வருகிறார் என்பது நாணயம் சுண்டும்வரை தெரியாது. அதனால் இரண்டு அணியின் லெஃப்ட் பேக்கும் நன்றாக ஆடுகிற ஆட்டமாகப் பார்த்து எடுங்கள்.